கல்லை நிறுத்தியவன் யார்?

(டி. கல்லுப்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைக்கு நாம் பேச வேண்டிய விஷயம் "நட்ட கற்கள்" என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். கல்லுப்பட்டிக்காரர்களிடம் வந்து கல்லைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். என்றாலும், போன மாதம் நாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த சில கற்களைப் பற்றியும், நாம் ஒரு நாளும் போய்ப் பார்க்கப்போவதில்லை என்று தோன்றுகிற ஒரு தீவின் கற்களைப் பற்றியும் சொல்ல ஆசைப்படுகிறோம். நமக்குக் கலாசாலைப் படிப்புக் கிடையாது. எட்டாவதோடு நின்றுபோய், பிறகு வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் நம் படிப்பு. ஆகவே நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை ஜில்லாவில் தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூர் என்று ஓர் ஊர். விழுப்புரம் ஜில்லாவில் உடையார்நத்தம் என்று இன்னோர் ஊர். இவ்விரண்டு இடங்களிலும் வட்டமாகப் பதித்த கற்களுக்கிடையே மனித வடிவமாக வெட்டப்பட்ட ஒரு பெரிய கற்பலகை நிற்கிறது. பத்தடிக்கு மேல் உயரம். அகலமும் சாமானியமல்ல. ஆனால் கனம் மட்டும் மெல்லிசு. மனித வடிவம் என்றவுடன் கோயில் சிலை மாதிரி நினைத்துவிடாதீர்கள். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை, கையில் ஆயுதமில்லை, தலையில் கிரீடமுமில்லை. இரண்டு தோளும் விசிறிபோல் விரிந்து, அதற்குக் கீழே உடம்பு. அவ்வளவுதான். ஆனால் கிட்டத்தில் போய் நின்றால், யாரோ ஒருவர் நம்மை வழிமறித்து நிற்கிற மாதிரி இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லுகிறோம். நம்மைப் போன்ற நாஸ்திகனுக்கே அப்படியென்றால், இருட்டில் மாடு தேடி வந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவை சாமி சிலைகளல்ல. செத்தவர்களைப் புதைத்த இடத்தில், இரும்பை உருக்கத் தெரிந்துகொண்ட காலத்து மக்கள் நட்டு வைத்தவை. இன்றைக்குச் சுமார் 2,000, 3,000 வருஷங்களுக்கு முற்பட்ட வழக்கம். அப்படிப்பட்ட கல்வட்டங்களுக்குள் தோண்டினால் கறுப்பும் சிவப்புமான பானைகளும், எலும்பும், துருப்பிடித்த இரும்பும் கிடைக்கின்றன. நம் தென்பக்கத்தில் கல்வட்டத்தைவிடத் தாழி அதிகம். உங்கள் ஊர் மண்ணையே 1976-ல் அரசாங்கத் தொல்பொருள் இலாகாவார் அகழ்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்த மண்ணிலும் அதே கறுப்பு சிவப்புப் பானை ஓடு உண்டு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தத் திடலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ!

நிற்க. நம்மோடு வந்தவர்களில் கல்லுடைக்கும் தோழர் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் உளியும் சம்மட்டியும் பிடித்த கை. நாமெல்லாம் கல்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "கல்லுக்கு வாட்டம் உண்டுங்க. வாட்டம் பார்த்து ஆப்பு வெச்சா பலகையாப் பேரும். வாட்டம் தெரியாம அடிச்சா நூறு வருஷம் அடிச்சாலும் சில்லுதான். இதைப் பேர்த்தவனுக்கு வாட்டம் தெரிஞ்சிருக்கு" என்றார். மூன்று நான்கு டன்னாவது இருக்கும் என்பது அவர் மதிப்பு. பிறகு நெம்புகோல் எங்கே கொடுத்திருப்பார்கள், குழியை எந்தப் பக்கம் சரிவாக வெட்டியிருப்பார்கள், கயிறு எத்தனை பேர் பிடித்திருப்பார்கள் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். நாம் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆனால் ஊர்க்கதை என்ன சொல்லுகிறது? வட ஜில்லாக்களில் இம்மாதிரி இடங்களை வாலியர் வீடு, குள்ளர் வீடு என்கிறார்கள். சில ஊர்களில் பாண்டவர்கள் வனவாசத்தில் கட்டியது என்கிறார்கள். நம் பக்கத்துத் தாழிக்கு இதைவிட வேடிக்கையான கதை ஒன்று இருக்கிறது. அக்காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆக உடம்பு குறுகிக் குறுகி, விளக்கு மாடத்தில் தூக்கி வைக்கிற அளவுக்கு வந்துவிடுவார்களாம். பிறகு தாழியில் உட்கார வைத்துச் சோறும் தண்ணீரும் வைத்து மூடிவிடுவார்களாம். குள்ளன் கட்டினான், பீமன் தூக்கினான், பூதம் நட்டது. இப்படி யாருக்கு வேண்டுமானாலும் பெருமை கொடுப்பார்களே ஒழிய, நம்மைப்போல் கஞ்சி குடித்து, நம்மைப்போல் தோள் வலித்த மனிதன் செய்தான் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்!

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள வியாதியல்ல. இதற்காகத்தான் அந்தத் தீவின் சங்கதியைச் சொல்ல வந்தோம்.

பசிபிக் மகா சமுத்திரத்தில் ரப்பா நூயி என்று ஒரு தீவு. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஈஸ்டர் தீவு. 1722-ம் வருஷம் ஈஸ்டர் பண்டிகை நாளில் ரோகவேன் என்ற டச்சுக்காரன் அங்கே போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர். தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி, 163 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தில் தனியாகக் கிடக்கிறது. அங்கே தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கற்சிலைகள். மோவாய் என்பது அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர். (நம் முகத்தில் உள்ள மோவாய்க்கும் அதற்கும் சம்பந்தம் கற்பித்து யாரும் புத்தகம் போட்டுவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.) நிறுத்தியவற்றில் மிகப் பெரியது பத்து மீட்டர் உயரம், எண்பது டன்னளவு எடை. ஏறக்குறையப் பாதிச் சிலைகள் வெட்டிய எரிமலைச் சரிவிலேயே இன்னும் நிற்கின்றன. சில, பாறையிலிருந்து பிரிக்கப்படாமல் படுத்த வாக்கிலேயே கிடக்கின்றன. இத்தனையும் இரும்பு என்பதையே அறியாதவர்கள், கல்லால் கல்லைக் கொத்திச் செய்தவை. அவர்கள் வெட்டியது எரிமலைச் சாம்பல் இறுகிய கல், நம் கருங்கல்லைவிட மெதுவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒருதலையாகப் பேசினவர்களாவோம்.

அந்தச் சிலைகளும் தேவலோகத்துச் சாமிகளல்ல. அவர்களுடைய செத்துப்போன பெரியவர்கள். பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நிற்கின்றன. மோட்டூர்க் கல்லும் அதுவும் ஒரே மன வேதனையிலிருந்து பிறந்தவைதாம். செத்தவனை மறக்க மனமில்லாதவன் நட்ட கல்.

வெளியிலிருந்து போனவர்கள் இதை எளிதில் நம்பவில்லை. நார்வே தேசத்து ஹெயர்டால் 1955-ல் போய் அகழ்ந்து பார்த்தவர். முதலில் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான் செய்திருக்க வேண்டும் என்றார். 1968-க்குப் பிறகு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், வான்வெளியிலிருந்து இறங்கியவர்கள் சம்பந்தப்பட்டார்கள் என்று எழுதி லட்சக்கணக்கில் புத்தகம் விற்றார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? இலெமூரியாவின் மிச்சம் அது, தமிழன் செதுக்கிய சிலை அது என்று இன்றும் சில மேடைகளில் கேட்கிறோம். தோழர்களே, அது மூழ்கிய கண்டத்தின் மிச்சமல்ல; எரிமலை கக்கிக் கடலடியிலிருந்து எழுந்த தீவு. பாலினேசிய மக்கள் படகில் போய்க் குடியேறியதே சுமார் 800 வருஷங்களுக்கு முன்புதான். பிறத்தியான் உழைப்பைப் பறித்து நம் பெயரில் எழுதிக்கொள்ளுவது புரோகிதன் செய்தாலும் தப்பு, தமிழன் செய்தாலும் தப்பு. நம் முன்னோர் நட்ட கல் தண்டராம்பட்டுப் பக்கம் வெயிலில் நிற்கிறது. அதைப் போய்ப் பார்க்கப் பஸ் சத்தம் செலவழிக்காதவன், பசிபிக் சமுத்திரத்துக்குப் பட்டா கேட்கிறான்!

சிலைகளை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேட்டால், "அவை நடந்து போயின" என்பதுதான் அத்தீவு மக்களின் பழங்கதை. படித்தவர்கள் வெகு காலம் சிரித்தார்கள். 2012-ல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். சிலையைப்போலவே நாலேகால் டன்னுக்கு மேற்பட்ட ஒன்றைச் செய்து, நிற்க வைத்து, மூன்று கயிறு கட்டி, பதினெட்டுப் பேர் பிடித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு கயிறு குப்புற விழாமல் பிடிக்க. நாற்பது நிமிஷத்தில் நூறு மீட்டர் தூரம் அது அசைந்தசைந்து போயிற்று. பார்த்தால் நடக்கிற மாதிரியேதான் இருக்கிறது. எல்லாச் சிலையும் இப்படித்தான் போயிற்று என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒத்துக்கொள்ளாத ஆராய்ச்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் கதை எப்படிப் பிறக்கும் என்பது தெரிந்துபோயிற்று. நாம் "தேர் ஓடிற்று" என்கிறோமே, தேரா ஓடிற்று? வடம் பிடித்தவன் ஓடினான். சக்கரத்தடியில் உயிரைக் கொடுத்து முட்டுக்கட்டை போட்டவன் ஓடினான். சாயங்காலம் பரிவட்டம் மட்டும் வேறு ஒருவர் தலைக்குப் போகிறது. இன்னும் நூறு தலைமுறை போனால், இந்த ஊரில் தேர் தானாக நடந்தது என்றுதான் கதை சொல்லுவார்கள்.

இன்னொன்று சொல்லுகிறோம், கேளுங்கள். அச்சிலைகளின் கண் இருக்க வேண்டிய இடம் வெறுங்குழியாகத்தான் வெகு காலம் எல்லாரும் பார்த்தார்கள். 1978-ல் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைப் பவளக்கல்லில் செய்த ஒரு கண் அகப்பட்டது. சிலையை மேடையில் நிறுத்திய பிறகு கண்ணைப் பதிப்பார்களாம். அதற்குப் பிறகுதான் அதற்குச் சக்தி. உங்கள் ஏழூர் அம்மன் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை களிமண், ராத்திரி கண் திறந்தவுடன் அம்மன். சப்பரம் ஏறி ஊர் சுற்றி, திருவிழா முடிந்தவுடன் மறுபடி மண். எங்கோ கிடக்கிற தீவுக்காரனுக்கும் நமக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கையால் செய்ததைக் கண்டு தானே பயப்படுவதற்கு மனிதனுக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

அம்மக்களின் கதி என்னவாயிற்று என்பதைக் கேட்டால் வயிறெரியும். மரத்தையெல்லாம் வெட்டிச் சிலை இழுத்து, பட்டினி கிடந்து, ஒருவரையொருவர் அடித்துத் தின்று அழிந்தார்கள் என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். தீவின் மரங்கள் அழிந்தது மெய்தான். ஆனால் ஜனங்கள் அப்படி அழிந்தார்கள் என்பதற்கு, 2024-ல் பழைய எலும்புகளைப் பரிசோதித்தவர்கள் ஆதாரம் இல்லை என்றார்கள். மெய்யான அழிவுக்குத் தேதி இருக்கிறது. 1862-ல் பெரு தேசத்திலிருந்து அடிமை பிடிக்கிற கப்பல்கள் வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிழைத்துத் திரும்பின சொற்பப் பேர் அம்மை நோயையும் கொண்டுவந்தார்கள். 1877-ல் தீவில் மிஞ்சிய ஜனம் 111 பேர். அவர்களுடைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தோடு போனார்கள். இன்றுவரை அந்தப் பலகைகளை வாசிப்பார் இல்லை. 1888-ல் சிலி தேசம் தீவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு தீவு முழுவதும் ஆட்டுப் பண்ணைக் கம்பெனிக்கு விடப்பட்டது. சிலையை நட்டவனின் பேரன்மார் ஒரே ஊருக்குள் வேலி போட்டு அடைக்கப்பட்டார்கள். 1966 வரை அவர்களுக்குச் சிலி தேசத்துப் பிரஜா உரிமையே இல்லை. கண்டிக்கும் மொரீசியசுக்கும் பினாங்குக்கும் கூலிக்குக் கப்பலேறின குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மோட்டூருக்கும் உடையார்நத்தத்துக்கும் வருவோம். அந்தப் பயணத்தில் ஒரு கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவியம்மாளிடம், வழக்கம்போல் நம் பிரசங்கத்தை ஆரம்பித்தோம். இது சாமியல்ல அம்மா, செத்தவர்களுக்கு நட்ட கல் என்றோம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, சாமின்னு சொன்னதாலதான் இது இன்னும் நிக்குது. வெறுங்கல்லுன்னு சொல்லியிருந்தா எப்பவோ கிரஷருக்குப் போயிருக்கும். நீ சொல்லிட்டுப் போயிடுவே, நாளைக்கு லாரி வந்தா நீ வந்து நிப்பியா?" என்று கேட்டாள்.

தோழர்களே, இருபது வருஷமாக மேடையில் பேசுகிறோம். எத்தனையோ பண்டிதர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி நம் வாயை அடைத்தவர் யாருமில்லை. பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அதே யோசனைதான்.

அந்த அம்மாள் சொன்னதில் பாதி வாஸ்தவம். மேலூர்ப் பக்கம் கருங்கல் குவாரிகளால் குன்றுகள் என்ன கதியாயின என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். பயம் சில கற்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மற்றப் பாதியையும் பாருங்கள். பயம் காப்பாற்றுவது பெயர் வாங்கிய ஒரு கல்லை மட்டுமே. பக்கத்தில் சாமிப் பட்டம் கிடைக்காத கல்வட்டங்கள் வரப்புக்கும் வீட்டுக் கடைக்காலுக்கும் போய்விடுகின்றன. அந்தத் தீவிலும் சிலைகளை வெளியார் வந்து தள்ளவில்லை. 1722-ல் நின்றுகொண்டிருந்தவற்றை, அடுத்த நூறு சொச்சம் வருஷத்துக்குள் அத்தீவு மக்களே, தங்களுக்குள் சண்டை வந்தபோது, எதிராளியின் பெரியவர் என்று குப்புறத் தள்ளினார்கள். சாமி என்கிற எண்ணமே தள்ளவும் சொல்லிற்று.

அதோடு இந்தப் பயத்துக்கு நம் சொந்தக் குடும்பமே விலை கொடுத்திருக்கிறது. நம் அக்காள் புருஷனுக்கு இந்தக் கரிசல் சீமையில் இரண்டு ஏக்கர் புஞ்சை. அதன் மூலையில் கல்வட்டம் ஒன்று. ஒரு மந்திரவாதி வந்து, அதன் கீழே புதையல் இருக்கிறது, பூதம் காக்கிறது என்றான். முதலில் கோழி, பிறகு கிடாய், பிறகு அக்காளின் தோடு. கடைசியில் தலைச்சன் பிள்ளையின் இரத்தம் ஒரு சொட்டு வேண்டும் என்றான். அன்றைக்குத்தான் நம் அக்காள் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் ஓடிப்போனான். மச்சான் ஆத்திரத்தில் தானே ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டினார். உள்ளே ஒரு தாழி. கொஞ்சம் எலும்பு, துருவேறின ஒரு கத்தி, இரண்டு சின்னக் கிண்ணம். கோபத்தில் கடப்பாரையால் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார். கடனுக்கு நிலமும் போயிற்று. அந்தத் தலைச்சன் பிள்ளை இன்றைக்கு மதுரையில் மின்சார வேலை செய்கிறான். அந்தக் கிண்ணத்தில் யார் யாருக்குச் சோறு வைத்தார்களோ, அதுதான் நமக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. மூவாயிரம் வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை, "பூதம்" என்ற ஒரு வார்த்தை ஒரே ராத்திரியில் தூளாக்கிவிட்டது.

லாரி வந்தால் நீ வந்து நிற்பாயா என்ற கேள்விக்குப் பதில் நம் ஜில்லாவிலேயே கிடைத்தது. அரிட்டாபட்டி குன்றுகளில் பழந்தமிழ்க் கல்வெட்டும், சமணர் படுக்கையும், குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. 2022-ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2024-ம் வருஷக் கடைசியில் அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டதாகச் செய்தி வந்தவுடன் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே கோயிலையும் சொன்னார்கள், இல்லையென்று நாம் சொல்லவில்லை. கண்மாயைச் சொன்னார்கள், கல்வெட்டைச் சொன்னார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொன்னார்கள். பூதம் வந்து லாரியை மறிக்கவில்லை. பொம்பளைகளும் சம்சாரிகளும் மறித்தார்கள். ஆகவே அடுத்த தடவை அந்தக் கிழவியம்மாளைப் பார்த்தால், நாங்கள் வந்து நிற்போம் அம்மா, நீங்களும் நில்லுங்கள் என்று சொல்லலாம் என்றிருக்கிறோம். அதற்கு அவள் என்ன கேட்பாளோ தெரியாது.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உழும்போது தாழியோ ஓடோ அகப்பட்டால் மண்வெட்டியை நிறுத்திவிடுங்கள். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இருந்த இடத்தைவிட்டு எடுத்தால், யாருடைய தலைமாட்டில் எது இருந்தது என்கிற சங்கதியே போய்விடும். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் நிலம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். நேரே தாலூகா ஆபீசில் கேளுங்கள். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஒரு ஜெர்மானியர் தோண்டினதெல்லாம் பெர்லினுக்குப் போய்விட்டது. நம் ஊரிலேயே உடைத்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், இங்கிருந்து தேவன்குறிச்சி மலைப் பக்கம் நடந்து போய்ப் பார்க்கலாம் என்று இளைஞர் தோழர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பெண் பிள்ளைகளை முக்கியமாக அழைத்து வாருங்கள். நம் கல்லுடைக்கும் தோழர் வந்து கல்லில் வாட்டம் பார்ப்பது எப்படியென்று காட்டுவார். தண்ணீரும் ஒரு வேளைக் கட்டுச்சோறும் போதும். கடப்பாரை எவரும் கொண்டுவர வேண்டாம்.